பனகல் அரசரும் வடமொழி நிபந்தனையும்: ஒரு கூற்றின் சான்றுநிலை

தியாகராய நகர்ப் பனகல் பூங்கா யார் பெயரால் அமைந்ததோ அவரைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். மருத்துவக் கல்லூரியில் சேர வடமொழியறிவு கட்டாயமாக இருந்தது என்பதும், அதனை நீக்கியவர் பனகல் அரசர் என்பதுமே அச்செய்தி. இயக்க வரலாறுகள் முதல் போட்டித்தேர்வு வழிகாட்டிகள் வரை இக்கூற்று பரவியுள்ளது. என் ஆய்வேட்டின் முதல் வரைவிலும் இருந்தது. அடிக்குறிப்பு எழுத முற்பட்டபோதுதான், சான்றாகக் காட்ட இன்னொருவர் நூலைத் தவிர என்னிடம் ஏதுமில்லை என்பது புலப்பட்டது. அந்நூலும் வேறொரு நூலையே சுட்டியது.

இக்கூற்றை எடுத்தாள்வோர் பெரும்பாலும் அரசாணை எண்ணையோ கல்லூரியின் சேர்க்கை விதியையோ தருவதில்லை. 'அக்காலத்தில்' என்ற ஒரு சொல்லே சான்றின் இடத்தை நிரப்புகிறது. எக்காலத்தில்? ஆங்கிலப் பெண்மணியான மேரி ஷார்லீப் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் வடமொழி கற்று வந்தார் என்று எவரும் கூறுவதில்லை. ஆகவே, நிபந்தனை இருந்தது என்போர் அது எந்த ஆண்டில், எந்தப் படிப்புக்கு, எந்த விதியால் வந்தது என்று காட்டியாக வேண்டும்.

மறுப்போர் நிலையும் இதனினும் மேலானதன்று. பனகல் அரசர் முதலமைச்சரான 1921க்கு முன்னரே சி. நடேசனார் போன்ற பிராமணரல்லாத மருத்துவர்கள் இருந்தனர். எனவே இது கட்டுக்கதை என்கின்றனர். தரவு சரியே, முடிவு அதிலிருந்து பிறப்பதன்று. நிபந்தனை ஒன்று இருந்ததா என்பதும், அதனைக் கடந்து சிலர் உள்ளே சென்றனரா என்பதும் வெவ்வேறு வினாக்கள். பனகல் அரசரே வடமொழி பயின்ற பட்டதாரிதான்.

இவ்வழக்கில் மறைந்துபோவது, ஐயத்திற்கு இடமின்றி நிலவிய மொழித்தகுதி ஒன்று. அது ஆங்கிலம். ஆங்கிலத்தில் தேறாமல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டப்படிப்பிலும் நுழைய முடியாது. உ.வே. சாமிநாதையர் பட்டமின்றியே கல்லூரி ஆசிரியரானவர்; பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது 1932இல்தான். பாடத்திட்டத்தில் தமிழுக்குரிய இடமும் உறுதியாக இருக்கவில்லை. 1902இல் தமிழை விலக்க முயற்சி நடந்தபோது, வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்றனர். வடமொழிக்கோ பல்கலைக்கழகத்திற்கு வெளியிலும் புரவலர் இருந்தனர், வி. கிருஷ்ணசாமி ஐயர் 1906இல் மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரியையே நிறுவினார். மொழிகளுக்கிடையே இருந்த இந்த ஏற்றத்தாழ்வு ஆவணமுடையது. நிறுவப்படாத ஒரு விதியை அதன்மேல் ஏற்றும்போது, ஒன்றை மறுப்பவர் மற்றொன்றையும் சேர்த்தே மறுத்துவிட வழி கிடைக்கிறது.

கூற்று எங்கிருந்து பிறந்திருக்கலாம்? ஓர் ஊகம் மட்டும் சொல்லலாம். பனகல் அரசர் ஆட்சியில் முகமது உஸ்மான் தலைமையிலான குழு சுதேச மருத்துவத்தை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1925இல் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல்வர் ஜி. சீனிவாசமூர்த்தி பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்ட அப்பள்ளியில் மூலநூல்களின் மொழி பற்றிய வினா எழுவது இயல்பு. அவ்விவாதம் ஆங்கில மருத்துவக் கல்லூரியின் மீது ஏற்றப்பட்டதா என்பது ஆராயத்தக்கது.

கேம்பிரிட்ஜ் 1919இலும் ஆக்ஸ்போர்டு 1920இலும் கட்டாயக் கிரேக்கத்தைக் கைவிட்டன. இலத்தீன் 1960 வரை நீடித்தது. ஆண்டு சுட்டி இவற்றைப் பேச முடிவதற்குக் காரணம் அப்பல்கலைக்கழகங்களின் பதிவுகளே. நமக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டு நாட்குறிப்புகள் உள்ளன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைத் தொகுதிகளும் உள்ளன. 1910 முதல் 1926 வரையிலான மருத்துவச் சேர்க்கை விதிகளை ஆண்டுவாரியாக ஒப்பிட்டால் போதும். அதுவரை என் ஆய்வேட்டில் அவ்வரி அடிக்கப்பட்டே இருக்கும்.