படம் பிடித்தவர்களும் பிடிக்கப்பட்டவர்களும்

உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் 2002ஆம் ஆண்டு ஓர் எளிய செய்தியேடு பிறந்தது. ‘கபர் லகரியா’ என்பது அதன் பெயர். ‘செய்தி அலைகள்’ என்று பொருள் கொள்ளலாம். புந்தேலி மொழியில் அதை எழுதியவர்களும், ஊர் ஊராகச் சென்று விற்றவர்களும் பெண்களே. ஒடுக்கப்பட்ட குலங்களில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தோரும் அவர்களுள் உண்டு.

அச்சிலிருந்து கைபேசிக்கு அவ்வேடு மாறிய காலத்தைச் சித்திரிக்கிறது, ரிண்டு தாமஸும் சுஷ்மித் கோஷும் இயக்கி 2021இல் வெளிவந்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ எனும் ஆவணப்படம். மீரா, சுனிதா, சியாம்கலி என்ற மூன்று நிருபர்களே இதன் நாயகியர். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் முறையீட்டை மீரா பதிவு செய்துகொண்டு, காவல் நிலையத்தில் கேள்வி எழுப்பும் காட்சி நம் நெஞ்சை விட்டு அகலாது. ஊடகத்தில் ஆண் பெண் சமத்துவம் என்பது இருக்கைகளைப் பங்கிடுவது மட்டுமன்று. கேள்வி கேட்பவர் மாறினால் செய்தியே மாறும் என்பதை இப்படம் உரத்த பிரசாரமின்றி உணர்த்துகிறது. அதன் வெற்றி இதுவே.

எனினும் ஒரு குறையை நாம் மறைத்தல் தகாது. ஆஸ்கர் விருதுக்கு இப்படம் பரிந்துரைக்கப்பட்டிருந்த 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கபர் லகரியாவே ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் நெகிழ்விப்பதே; ஆயினும் ஒரே கட்சியைப் பற்றி எழுதுவதே தங்கள் முழுநேர நோக்கம் என்பதுபோல் காட்டுவது சரியன்று என்பது அவர்கள் முறையீடு.

தேர்ந்தெடுத்துக் காட்டுவது இயக்குநரின் உரிமை. 2019 தேர்தல் களம் படத்திற்கு விறுவிறுப்பூட்டியது என்பதும் மெய்யே. ஆனால் படம் எடுத்தவர்கள் அடுத்த படைப்பை நாடிச் செல்லலாம்; அப்பெண்களோ அதே தெருக்களில், எல்லாக் கட்சியினரிடமும் நாளையும் கேள்வி கேட்க வேண்டியவர்கள். நடுநிலை என்ற நற்பெயரே அவர்களுக்கு முதலும் காப்பும். ஆகவே அவர்களது மறுப்பை நன்றியின்மை என்று கொள்வது தவறு. பிறரைப் பற்றி எழுதத் துணிந்தவர்கள், தம்மைப் பற்றிய சித்திரிப்பையும் திருத்த முன்வந்தார்கள், இதுவும் இதழியலே.

படத்தைக் கண்டு கைதட்டுவது நமக்கு எளிது. கைதட்டலோடு அந்த மறுப்பையும் செவிமடுப்போம். நம் ஊரில் இத்தகைய ஏடு ஒன்று தோன்றுமாயின், அதைப் புகழ்வதோடு நில்லாமல் சந்தா செலுத்தி வாங்குவோமா? நம்மைப் பற்றியே அது கேள்வி எழுப்பும் நாளிலும் அச்சந்தாவைத் தொடர்வோமா? இவ்விரண்டாம் கேள்விக்கு நாம் அளிக்கும் விடையில்தான் சுதந்திர இதழியலின் வாழ்வு இருக்கிறது.