கேமரனின் உருவப்படங்களில் முகமும் பெயரும்

கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் (1815–1879), 1863இல் மகள் அளித்த கருவியைக் கொண்டு, இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள ஃபிரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரில் உருவப்படங்கள் எடுக்கத் தொடங்கினார். அவரைப் பெண்களைப் போற்றிய கலைஞர் என்பர். முகங்களைப் பொறுத்தவரை நாமும் இதனை ஏற்கிறோம். பணிப்பெண்ணின் முகத்திலும் உயர்குடிப் பெண்ணின் முகத்திலும் ஒளி ஒரே பரிவோடு விழுகிறது. தலைப்புகளைப் பொறுத்தவரை ஏற்பதற்கில்லை.

தங்கை மகள் ஜூலியா ஜாக்சன் (வர்ஜீனியா உல்ஃபின் தாய்) பல படங்களில் தம் பெயரிலேயே இடம்பெறுகிறார். பணிப்பெண் மேரி ஹில்லியரோ கன்னி மரியாளாகவும் கிரேக்கக் கவிஞர் சாப்போவாகவும் ஆகிவிடுகிறார். ஊராரும் அவரை 'மடோனா' என்றே அழைத்தனராம்! இது போற்றுதலா, மறைத்தலா?

ஊருக்குப் புதிதாய் வந்தோரும் அவர் கருவிமுன் அமர்ந்தனர். 1868இல், மக்தலாப் போருக்குப் பின் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஏழு வயது எத்தியோப்பிய இளவரசன் அலெமாயெகு, பெற்றோர் இருவரையும் அவ்வாண்டே இழந்தவன். அவனுக்குப் பெயர் உண்டு. 'தியோடர் மன்னரின் மகன்' என்னும் அடைமொழியுடன்.

1875இல் இலங்கையில் குடியேறியபோது கேமரனே புதியவரானார். அங்கு 1878இல் எடுத்த படமொன்றில் உள்ளோரைக் களுத்துறைக் குடியானவர்கள் என்றே குறிக்கிறார். சிறுமிக்கு வயது 12. முதியவர் தம்மை அவள் தந்தையென்றும் தமக்கு வயது நூறென்றும் சொன்னாராம். இவ்வளவும் எழுதியவர், அவர்தம் பெயர்களை மட்டும் எழுதவில்லை.