ஆசிரியர் எழுதிய சரித்திரம்

அபிதான கோசத்தை (1902) தொகுத்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை ஆசிரியராய்த் தொழில் புரிந்தவர். அவரது யாழ்ப்பாணச் சரித்திரம் 1912இல் வெளிவந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியதோ 1942இலேயே. அக்காலத்தில் தம் நாட்டின் சரித்திரம் எழுதத் துணிந்த ஆசிரியருக்குப் பெருந்துணையாய் நின்றது, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை.

அந்நூல் கைலாயமாலை, வையாபாடல் முதலியவற்றின் செய்திகளைக் கர்ணபரம்பரைக் கதைகளோடு பின்னியது. யாழ்பாடி பரிசிலாக நிலம் பெற்ற கதை அதில் உண்டு. 1344இல் ஆரியச்சக்கரவர்த்தியை நேரிற் கண்ட இபுன் பதூதாவின் குறிப்போ வேறு வகையினது. இவ்விரண்டும் ஒரே தொனியிற் கூறப்படுமாயின் மாணாக்கன் எதனை எவ்வளவு நம்புவான்? ஐயத்தோடு பாடத்தை முடிக்க ஆசிரியர் விரும்பார். அது கற்பிப்போர்க்குக் குணம். சரித்திரம் எழுதுவோர்க்குக் குறை.

வைபவமாலையைத் துருவி ஆராய்ந்தோர் வகுப்பறைக்கு வெளியிலிருந்தே வந்தனர். 1926இல் பண்டைய யாழ்ப்பாணம்பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முதலியார் இராசநாயகம் அரசாங்க உத்தியோகத்தர். 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் வெளியிட்ட சுவாமி ஞானப்பிரகாசர் கத்தோலிக்கக் குரு. நூற்பெயரிலேயே தம் நோக்கத்தைச் சொல்லிவிட்டார். ஆயினும், இவர்கள் ஆராயப் புகுமுன்னரே தமிழ் மாணாக்கர் தம் நாட்டின் அரசர் பெயர்களைத் தமிழிற் படித்தறிய வழியிருந்ததென்றால், அவ்வழியை அமைத்தோருள் முத்துத்தம்பிப்பிள்ளையும் ஒருவர்.