முதலில் வகுப்பறையா, முதலில் படிப்பா?

இலங்கையில் பட்டதாரி ஒருவருக்குப் பெரும்பாலும் முதலில் நியமனக் கடிதம் வருகிறது. எப்படிக் கற்பிப்பது என்பதை முறையாகப் படிப்பது அதற்குப் பிறகுதான். சில வருடங்கள் வகுப்பில் நின்று பழகியபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கிறார். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களும் திறந்த பல்கலைக்கழகமும் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகமும் இப்படிப்பை நடத்துகின்றன. முழுநேரமாகப் படிக்க விடுமுறை கிடைத்தவர் கொடுத்துவைத்தவர். மற்றவர்களுக்குச் சனி, ஞாயிறுதான். திங்கள் காலை அவர் மறுபடியும் தன் பாடசாலையில் நிற்பார்.

இந்தியாவில் வரிசை நேர்மாறு. பி.எட். முடிக்காதவர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் வேலையை நினைக்கவே முடியாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். ஓராண்டாக இருந்த பி.எட். 2015இல் இரண்டாண்டாயிற்று. அந்த மாற்றத்தோடு, உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றிய தாள் ஒன்றும் எல்லோருக்கும் பொதுவாக வந்தது. மொத்தம் இருபது வாரம் பள்ளியில் இருந்து பழக வேண்டும் என்ற விதியும் வந்தது. ஏட்டளவில் பார்த்தால் இந்திய ஏற்பாடு இலங்கையுடையதைவிட முழுமையானது. பயிற்சியே இல்லாத ஒருவர் கையில் நாற்பது பிள்ளைகளை ஒப்படைக்கும் வழக்கத்தை அது ஒத்துக்கொள்வதில்லை. இலங்கையிலோ, வேலையற்ற பட்டதாரிகளுக்கு அரசு தொழில் கொடுக்கும்போதெல்லாம் பாடசாலைகளுக்குத்தான் பலர் அனுப்பப்படுகிறார்கள். அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் வந்து முழுநேரமாகக் கற்பிப்பவர்களைப் பல பாடசாலைகளில் பார்க்கலாம். மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக எடுக்கப்பட்டவர்களும் வகுப்பில் நின்றுகொண்டேதான் பயிற்சி பெற்றார்கள். பயிற்சி வரும்வரைக்கும் அந்த வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் இழந்ததை யாரும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. இது சின்ன அநியாயம் அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லாப் பிள்ளைகளையும் உட்படுத்திக் கற்பிப்பது என்ற ஒரு விடயத்தில் மட்டும் இலங்கையின் வரிசையில் பெரிய வாய்ப்பு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

தரம் ஏழு விஞ்ஞானப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். காதுக்குப் பின்னால் செவிப்புலன் கருவி மாட்டிய பிள்ளை ஒன்று வகுப்பில் இருக்கிறது. எங்கள் பாடசாலைகளில் பல, நீண்ட மண்டபத்தை அரைச்சுவர்களால் பிரித்தவை. பக்கத்து வகுப்பில் சொல்லும் வாய்ப்பாடு, மின்விசிறியின் இரைச்சல், வாங்கு இழுபடும் சத்தம் எல்லாவற்றையும் அந்தக் கருவி ஆசிரியரின் குரலோடு சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். ஆகவே பிள்ளை பாதியை உதட்டில் வாசிக்கிறது. ஆசிரியையோ கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே விளக்குகிறார். அந்த ஐந்து நிமிடமும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் இல்லை. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேள்வி கேட்கிறான், ஆசிரியை பதில் சொல்கிறார். கேள்வி என்னவென்று தெரியாத பிள்ளைக்குப் பதிலும் விளங்காது.

இதற்குத் தீர்வுகள் பணம் கேட்காதவை. முதலில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுவது. யன்னலுக்கு முதுகு காட்டி நிற்காமல், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்பது. மற்றப் பிள்ளை கேட்ட கேள்வியைத் தானும் ஒருமுறை திருப்பிச் சொல்வது. அடுத்த நாள் பாடத்தில் வரும் நாலைந்து புதிய சொற்களை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவது. இவற்றால் காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளும் பயனடைவார்கள். ஆனால் இவை பழக்கமாக வேண்டுமானால் யாராவது பின்னால் இருந்து பார்த்து, 'டீச்சர், இப்பவும் போர்டைப் பார்த்துத்தான் கதைச்சீங்கள்' என்று சொல்ல வேண்டும், பல தடவை. முதுகைத் திருப்பிப் பேசும் பழக்கம் புத்தகம் வாசித்துப் போகாது.

இருபத்திரண்டு வயதில் பி.எட். படிக்கும் மாணவி இதையெல்லாம் ஒரு வினாவுக்கான விடையாகப் படிக்கிறார். செவித்திறன் குறையுடைய குழந்தையின் தேவைகள் யாவை என்று கேட்டால் பிழையின்றி எழுதுவார். அப்படியொரு குழந்தையை அவர் இன்னும் சந்தித்திருக்க மாட்டார். பயிற்சிக்காகப் போகும் பள்ளியிலும் அது வேறொருவருடைய வகுப்பு. பிள்ளைகளை நன்கு அறிந்துகொள்வதற்குள் காலம் முடிந்துவிடும். பட்டப்பின் டிப்ளோமாவுக்கு வரும் இலங்கை ஆசிரியைக்கோ அந்தப் பிள்ளையின் பெயர் தெரியும், வீடு தெரியும். தாய் எந்த வீதியில் கடை வைத்திருக்கிறார் என்பதுகூடத் தெரிந்திருக்கலாம். ஞாயிறு விரிவுரையில் கேட்டதைத் திங்கள் முதலாம் பாடத்திலேயே செய்து பார்க்க அவரால் முடியும்.

அந்த வாய்ப்பை நாங்கள் பெரும்பாலும் வீணாக்குகிறோம். வார இறுதி முழுவதும் உளவியல், தத்துவம், கணிப்பீடு என்று விரிவுரைகள் அடுக்கப்படுகின்றன. ஒப்படைகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறுகின்றன. கற்பித்தற் பயிற்சியை மேற்பார்க்க விரிவுரையாளர் வரும் நாளில் வகுப்பில் வண்ண அட்டைகள் தொங்கும், குழுக்கள் ஒழுங்காக வட்டமிட்டிருக்கும். மெல்லக் கற்கும் பிள்ளைகள் அன்று பின்வரிசையில் அமைதியாக வைக்கப்பட்டிருப்பார்கள். சான்றிதழ் சம்பளத்துக்கும் பதவியுயர்வுக்கும் தேவை என்பதால் எல்லோரும் படிக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் தன் வகுப்பில் பின்தங்கிய பிள்ளை ஒன்றைப் பற்றி எழுதாமலேயே ஒருவர் டிப்ளோமாவை முடித்துவிட இடம் இருக்கக் கூடாது.

இந்தியாவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: சட்டத்திலும் சிறப்புத் துறையிலும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரே சிறப்பாசிரியராகப் பணியாற்றலாம். பார்வை, செவி, அறிவுத்திறன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பி.எட். உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் அந்தப் பயிற்சி ஆழமாகவே நடக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக விரித்தது. எழுத்து மாறிப் படிக்கும், கணக்கில் தடுமாறும் பிள்ளைகளும் அதற்குள் வந்தார்கள். பிரெய்லும் சைகை மொழியும் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்துவது அரசின் கடமை என்று அச்சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தையே வரையறுத்தது. பணியிடங்களை முறையாக உருவாக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட்டது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனத்தில் அனுமதி கொடுப்பதில் பாகுபாடு கூடாது என்கிறது. வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு யார், எப்படிக் கற்பிப்பது என்று பெற்றோர் நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டக்கூடிய எண் எதுவும் அதில் இல்லை. இந்த விடயத்தில் இந்தியாவைப் பார்த்து நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது நிறைய.

ஆனால் சிறப்புத் துறை வளர வளர ஒரு ஆபத்தும் வளர்கிறது. தமிழ்நாட்டில் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் பல பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்வருகிறார். பெரும்பாலும் தொகுப்பூதியம்தான். அவர் வரும் நாளில் அந்தக் குழந்தைக்குப் பாடம் உண்டு. மற்ற நாட்களில், 'அதை மேடம் வந்து பாத்துப்பாங்க' என்ற பதில் வகுப்பாசிரியரிடமிருந்து வந்துவிடுகிறது. எங்கள் விசேட கல்வி அலகுகளிலும் இதே கதைதான். பாடசாலை வளவுக்குள்ளேயே அலகு இருக்கும்; அதிலுள்ள பிள்ளைகள் காலைக் கூட்டத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மட்டும் மற்றவர்களோடு சேர்வார்கள். பொது வகுப்பாசிரியர் பயிற்றப்படாதவரை, சிறப்பாசிரியர் எத்தனை பேர் வந்தாலும் பிள்ளை வகுப்பின் விளிம்பில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டு வகுப்பறைகளை அடியோடு மாற்றிய முயற்சிகள் பி.எட். கல்லூரிகளிலிருந்து புறப்படவில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஒவ்வொருவரும் தம் வேகத்தில் கற்றல் ஏணியில் அட்டை அட்டையாக ஏறினார்கள். மூன்று நாள் வராமல் இருந்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். உட்படுத்தல் கல்வி என்று யாரும் பெயர் வைக்காமலே அதன் உயிர் அங்கே இருந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்த்துக் கற்பிக்கச் சொன்னது. இரண்டையும் ஆசிரியர்கள் வட்டார அளவில் சில நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டார்கள். ஆசிரியப் படிப்பு ஒரு பக்கம், அதோடு ஒட்டாத சில நாள் பயிற்சி இன்னொரு பக்கம். இலங்கையிலும் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒன்று சொல்ல, வலயத்திலிருந்து வரும் ஆசிரிய ஆலோசகர் வேறொன்று சொல்வார். இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதில்லை.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு குறை. சபா. ஜெயராசா, சோ. சந்திரசேகரன் போன்றோர் கல்வியியலைத் தமிழில் எழுதித் தந்தார்கள். அகவிழி போன்ற இதழ்கள் ஆசிரியர்களுக்காகவே வந்தன. ஆனால் விசேட தேவை பற்றிய நடைமுறைக் கைநூல்கள் தமிழில் இன்னும் அருமை. முட்டுக்காட்டின் பாடங்கள் கோப்பாய், கொட்டகலை ஆசிரியர் கலாசாலைகளுக்கு வரவும், எங்கள் ஆசிரியர்கள் வேலையில் இருந்தபடியே எழுதும் செயல்நிலை ஆய்வுகள் அங்கே போகவும் கடல் ஒரு தடையில்லை.

டிப்ளோமாவில் ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் நான் இதைக் கேட்பேன். ஒப்படைகளில் பாதியைக் குறைத்துவிட்டு, தன் வகுப்பில் உள்ள பிள்ளை ஒன்றின் ஒரு தவணைப் பதிவை ஆசிரியர் எழுதட்டும்: எதைச் செய்து பார்த்தேன், எது பலிக்கவில்லை, அடுத்து என்ன மாற்றினேன் என்று. விரிவுரையாளரும் ஆசிரிய ஆலோசகரும் சேர்ந்து வந்து அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பைப் பார்க்கட்டும். சான்றிதழ் கொடுத்து ஒரு வருடம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் மறுபடியும் வரட்டும். இந்தியாவில் பி.எட். முடித்து வேலையில் சேர்ந்தவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் வளர்ச்சிப் பயிற்சியை எதிர்பார்க்கிறது. அந்த மணிகளை அரங்கில் உட்கார்ந்து கேட்பதற்குச் செலவிடாமல், அவரவர் வகுப்பறைக்கே கொண்டுபோகலாம்.