கார்லினின் பலம் கெட்டவார்த்தை அல்ல

அமெரிக்க மேடை நகைச்சுவையாளர் ஜார்ஜ் கார்லின் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத ஏழு சொற்கள்தான். அவற்றை மேடையில் பேசியதற்காக 1972 ஜூலையில் மில்வாக்கியில் கைதானார். அந்த ஆண்டு முடிவதற்குள் வழக்கு தள்ளுபடியானது. மறு ஆண்டு அவருடைய அதே பாணிப் பேச்சொன்றை நியூயார்க் வானொலி ஒன்று ஒலிபரப்ப, விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு அரசுத் தரப்புக்குச் சாதகமாக அமைந்தது. இந்தப் பரபரப்பை வைத்தே அவரை எடைபோடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வாய்த்துடுக்கை மட்டும் நம்பி ஒருவர் அரை நூற்றாண்டு மேடையில் தாக்குப்பிடிக்க முடியாது. கார்லினை நிலைநிறுத்தியது தொழில் சுத்தம்.

அவருடைய அமெரிக்கன் ஃபுட்பால் - பேஸ்பால் ஒப்பீட்டைப் பாருங்கள். 1975 அக்டோபரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முதல் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியபோதும் அதைத்தான் பேசினார். ஃபுட்பால் பற்றிச் சொல்லும்போது குரல் படைத்தளபதியைப் போல விறைக்கிறது. வாக்கியங்கள் வெட்டி வெட்டி விழுகின்றன. பேஸ்பாலுக்கு வந்ததும் அதே குரல் குழைந்து, குழந்தைபோல ராகம் இழுக்கிறது. ஒன்றில் தாக்குதலும் குண்டுவீச்சும்; மற்றொன்றில் பத்திரமாக வீடு திரும்புவதே குறிக்கோள். வர்ணனையாளர்கள் தினமும் பேசும் மொழியையே எதிரெதிரே வைத்து, ஒரு நாட்டின் போர் மோகத்தைத் தோலுரித்துவிட்டார். இதில் கெட்டவார்த்தைக்கு வேலையே இல்லை.

“வழக்கு இல்லாவிட்டால் அவரை யார் சீந்தியிருப்பார்கள்?” என்று கேட்கலாம். பெயர் பரவ வழக்கு உதவியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1960களில், கோட்டும் டையுமாகத் தொலைக்காட்சியில் வந்து நன்றாகச் சம்பாதித்தவர் அவர். அந்தப் பிழைப்பை உதறியபோது, பழைய பாணியை ஒரு பக்கமும் புதிய பாணியை மறுபக்கமும் வைத்து 1972இல் இசைத்தட்டே வெளியிட்டார். 1977 முதல் 2008 வரை எச்பிஓ தொலைக்காட்சிக்கு அவர் தந்தவை 14 தனி நிகழ்ச்சிகள். நடுவே மாரடைப்பும், ஆண்டுக்கணக்கில் கழுத்தை நெரித்த வரிபாக்கியும் வந்தன. ஒரு வழக்கின் புகழ் இத்தனை காலத்துக்குச் சோறு போடாது. ஒவ்வொரு முறையும் புதுச்சரக்கு வேண்டும்.

கடைசிக் காலத்தில் நகைச்சுவை வற்றிப் பிரசங்கம் மிஞ்சியது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அதில் நியாயம் உண்டு. மனித குலத்தின் மீதே நம்பிக்கை இழந்தவராகப் பேசிய இடங்களில் சிரிப்பைவிடக் கைதட்டலே அதிகம் கேட்கிறது. கைதட்டுகிறவர் ஏற்கெனவே உடன்படுகிறவர்; சிரிக்கிறவரோ தன்னை அறியாமல் மாட்டிக்கொள்கிறவர். ஆனால் 2005இல், 68 வயதில், விளம்பரமும் கணினி உலகமும் பெற்றெடுத்த நவீனச் சொற்களை மூச்சுவிடாமல் அடுக்கிச் சில நிமிடம் பொழிந்தாரே, அது பயிற்சியின் விளைவு. கோபத்தால் மட்டும் அப்படிப் பேசிவிட முடியாது. வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் என்று பெயரெடுத்தவர், ஒரு அசையைக்கூட எண்ணாமல் விட்டதில்லை. பேச்சுத் துணிச்சலை மட்டுமே முதலாகப் போட்டு மேடையேறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த உழைப்பைத்தான்.