என்டர் தி டிராகன்: இன, பாலினச் சித்திரிப்பு

என்டர் தி டிராகன் 1973-இல் வெளிவந்த தற்காப்புக் கலைத் திரைப்படம். ராபர்ட் குளூஸ் இயக்கிய இப்படத்தை ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஹாங்காங் நிறுவனங்களுடன் இணைந்து தயாரித்தது. நாயகன் புரூஸ் லீ, படம் வெளியாகும் முன்பே 1973 ஜூலை 20 அன்று மறைந்தார். சீனர், கறுப்பின அமெரிக்கர், வெள்ளை அமெரிக்கர் என மூன்று வீரர்களை ஒருசேர முன்னிறுத்தியது இப்படத்தின் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பாராட்டு பாதியளவே பொருந்தும்.

வில்லியம்ஸ்

கராத்தே வீரர் ஜிம் கெல்லி, வில்லியம்ஸ் என்னும் கறுப்பின வீரராக நடித்தார். அறிமுகக் காட்சியில் வெள்ளைக் காவலர் இருவர் காரணமின்றி அவரை மறித்துச் சீண்டுகின்றனர். அவர் அவர்களை வீழ்த்திவிட்டு அவர்களுடைய காரிலேயே செல்கிறார். ஹாங்காங்கில் படகில் வாழும் ஏழைகளைக் கண்டதும், சேரிகள் உலகெங்கும் ஒன்றுதான் என்ற பொருளில் பேசுகிறார். அந்த வறுமையைத் தன் மக்களின் வாழ்வோடு சேர்த்துப் பார்ப்பவர் அவரே.

ஆனால் படத்தின் நடுவிலேயே அவர் கொல்லப்படுகிறார். இரவில் காவலர்களைத் தாக்கியவர் லீ; பழி வில்லியம்ஸ் மீது விழுகிறது. செய்யாத செயலுக்காக வில்லன் ஹான் அவரை அடித்துக் கொல்கிறான். தொடக்கத்தில் காவலர்கள் நடத்திய அநீதியைக் கண்டித்த படம், பின்னர் அதே அநீதியைக் கதையின் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. கடன்காரர்களிடமிருந்து தப்பி வந்த வெள்ளையர் ரோப்பர் இறுதிவரை உயிரோடிருக்கிறார்.

சூ லின்

லீயின் தங்கை சூ லினாக நடித்த ஏஞ்சலா மாவ், ஹாப்கிடோ (1972) போன்ற ஹாங்காங் படங்களில் நாயகியாகச் சண்டையிட்டவர். இங்கே அவருக்குக் கிடைப்பது ஒரு நினைவுக் காட்சி மட்டுமே. பலரை வீழ்த்திய பின், பிடிபடாதிருக்கத் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறார். அவருடைய திறமையைக் காட்டிய படம், அவர் மரணத்தை அண்ணனின் பழிவாங்கலுக்குக் காரணமாக்கி நிறுத்திவிடுகிறது.

லீ

ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரியில் (1972) லீ அந்நியர் ஆதிக்கத்தை எதிர்க்கும் சீன இளைஞர். இங்கோ, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஹாங்காங்கில் பிரிட்டிஷ் உளவுத் துறைக்காகச் சீன வில்லனை அழிக்கிறார். ஆசிய நடிகர் ஹாலிவுட் படத்தின் நாயகனானது பெரிய திருப்பம். எனினும் முந்தைய படங்களில் அவருடைய கோபத்துக்கு இருந்த அரசியல் இலக்கு இதில் மங்கிவிடுகிறது.

மதிப்பீடு

திரையில் யார் தோன்றுகிறார்கள் என்பதை மட்டும் எண்ணினால் இப்படம் முன்னோடி. யார் பிழைக்கிறார்கள், யாருடைய மரணம் யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டால் பழைய வரிசையே தெரிகிறது. ஆயினும் கெல்லியின் மிடுக்கு கதையின் எல்லையை மீறி நின்றது. அடுத்த ஆண்டே, இதே இயக்குநரின் பிளாக் பெல்ட் ஜோன்ஸ் (1974) படத்தில் அவர் நாயகனானார். திரைக்கதை கொடுக்காத இடத்தை நடிகர் தன் இருப்பால் பெற்றதற்கு இது சான்று.