இறையாண்மையும் வாக்குறுதியும்: ஹன்னா ஆரண்ட் சிந்தனை பற்றி ஒரு மதிப்பீடு

சட்டத்தின் ஊற்று யாது? மேலான அதிகாரத்தின் கட்டளையே சட்டம் என்று 1576இல் பிரெஞ்சு அறிஞர் ழான் போதின் விடை கூறினார். இறையாண்மை எனப்படும் இக்கோட்பாட்டின்படி உரிமை என்பது அரசு அளிக்கும் கொடை. கொடுத்த கையே அதைப் பறிக்கவும் கூடும். இதன் கொடிய விளைவை ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஹன்னா ஆரண்ட் அம்மையார். 1933இல் ஜெர்மனியை விட்டுத் தப்பிச் சென்று, 1951இல் அமெரிக்கக் குடியுரிமை பெறும்வரை பல்லாண்டுகள் நாடற்றவராய் வாழ்ந்த யூதப் பெண்மணி அவர்.

1951இல் வெளிவந்த ‘சர்வாதிகாரத்தின் தோற்றுவாய்கள்’ என்னும் நூலில் அவர் காட்டும் உண்மை இது: யூதர்கள் கொல்லப்படுமுன் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தனர். 1789இல் பிரான்சு பறைசாற்றிய மனித உரிமைகள், குடியுரிமை இழந்து வெறும் மனிதராய் எஞ்சியோருக்கு உதவவில்லை. ஆதலால் ஒரு சமுதாயத்தைச் சார்ந்திருக்கும் உரிமையே ஏனைய உரிமைகளுக்கு முந்தியது. இம்முடிவு மறுக்கவொண்ணாதது.

அவ்வுரிமையைத் தாங்குவது எது? 1958இல் வெளியான ‘மனித நிலை’ என்னும் நூலில், மனிதர் ஒருவருக்கொருவர் அளிக்கும் வாக்குறுதியின் ஆற்றலை அவர் முன்வைக்கிறார். உடன்படிக்கை செய்வதில் ஆபிரகாமுக்கிருந்த நாட்டத்தையும் நினைவூட்டுகிறார். 1963இல் வந்த ‘புரட்சி குறித்து’ என்னும் நூலிலோ, அமெரிக்கக் குடியரசை நிறுவியோர் இறையாண்மையை விலக்கி, பரஸ்பர வாக்குறுதியின்மேல் அரசமைத்தனர் எனப் பாராட்டுகிறார்.

குறை இங்கேதான் உள்ளது. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. எண்ணப்பட்டோர் வாக்குறுதி செய்தோருள் இல்லை. அடிமைத்தனத்தின் கொடுமையை ஆரண்ட் அறியாதவரல்லர். ஆயினும் அதன்பொருட்டுத் தம் கோட்பாட்டைத் திருத்த அவர் முற்படவில்லை.

நமக்கு அண்மையிலும் சான்றுண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டன. 1,50,000 பேரின் நிலையை ஒத்திவைத்தன. இது ஆரண்ட் கருதிய வாக்குறுதியன்று, இறையாண்மை கொண்ட அரசுகளின் பேரம் என ஒருவர் கூறலாம். உண்மையே. ஆயினும் அமெரிக்க அடிமையும் தோட்டத் தொழிலாளியும் ஒரே நிலையில் நிற்கின்றனர்: தம்மைப்பற்றிய உடன்படிக்கையில் அவர்கள் தரப்பினரல்லர்.

மோசேயின் நியாயப்பிரமாணம் சுதேசிக்கும் பரதேசிக்கும் ஒரே பிரமாணத்தை விதிப்பது இங்குக் கருதத்தக்கது. ஆரண்டின் கோட்பாட்டைத் தள்ளவேண்டுவதில்லை, நிறைவுசெய்ய வேண்டும். வாக்குறுதி செய்தோர் யாவர் என்று மட்டுமல்ல, அப்போது அழைக்கப்படாதோர் யாவர் என்றும் நாம் கேட்டாக வேண்டும்.